ஜிமெயிலிலிருந்து அந்தரங்கம் காக்கும் மின்னஞ்சலுக்கு: திருகோணமலை வாசகருக்குப் படிப்படியான வழிகாட்டி

உங்கள் மின்னஞ்சலைத் திறந்து, ‘அனுப்பியவை’ பகுதியில் பாஸ்போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டித் தேடிப் பாருங்கள். திருகோணமலையில் வாழும் பலருக்கு இந்தத் தேடல் வெறுமையாகத் திரும்பாது. கடவுச்சீட்டின் முதற்பக்கம், தேசிய அடையாள அட்டையின் இரு புறங்கள், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்றிதழ், ஆறு மாத வங்கிக் கூற்று, சிலருக்குக் காணி உறுதியின் பிரதி என்று ஒரு குடும்பத்தின் ஆவணப் பெட்டி முழுவதும் அங்கே கிடக்கும். அவற்றை விசா முகவருக்கோ, கனடாவில் இருக்கும் அண்ணனுக்கோ, ஏதோ ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்துக்கோ எப்போதோ அனுப்பியிருப்போம். அனுப்பிய கையோடு மறந்தும் இருப்போம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதி நடத்துபவர்களின் பெட்டியில், தங்களுடைய ஆவணங்களோடு, வந்து தங்கிப் போன வெளிநாட்டவர்களின் கடவுச்சீட்டுப் படங்களும் சேர்ந்திருக்கும்.

‘நான் என்ன ரகசியமா எழுதுகிறேன்?’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலே போதுமான பதில். கடிதத்தில் ரகசியம் இல்லாமல் இருக்கலாம், இணைப்பில் இருக்கிறது. அதற்கும் மேலாக, வங்கிக் கணக்கு, முகநூல், பல்கலைக்கழக விண்ணப்பம், விடுதி முன்பதிவுத் தளம் ஆகிய எதன் கடவுச்சொல்லை மறந்தாலும் அதை மீட்டுத் தரும் இணைப்பு வந்து சேரும் இடம் மின்னஞ்சல்தான். பெட்டியை ஒருவர் கைப்பற்றினால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்றலாம்.

இந்தக் கட்டுரை, வழக்கமான இலவச மின்னஞ்சலிலிருந்து அந்தரங்கத்தை முதன்மையாகக் கருதும் சேவை ஒன்றுக்கு மாற விரும்பும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாத ஒருவருக்காக எழுதப்படுகிறது. கணினித் துறை அறிவு தேவையில்லை. அவசரப்படாமல் இருப்பது மட்டும் அவசியம்.

எதற்காக மாற வேண்டும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நல்லது. கூகுள் உங்கள் கடிதங்களைப் படித்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுகிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 2004இல் தொடங்கப்பட்ட ஜிமெயில் அப்படித்தான் இயங்கியது. ஆனால் விளம்பரத்துக்காகக் கடித உள்ளடக்கத்தை அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூன் மாதத்தில் அந்த நிறுவனம் அறிவித்தது. ஆகவே விளம்பரத்தைக் காரணமாகச் சொல்லி ஒருவரை மாறச் சொல்வது நேர்மையாகாது. பாதுகாப்புப் பொறியியலில் ஜிமெயில் பலவீனமான சேவையும் அல்ல.

உண்மையான வேறுபாடு சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் உள்ளது. வழக்கமான சேவைகளில் கடிதங்கள் வழியிலும் சேமிப்பிலும் பூட்டப்பட்டே இருந்தாலும், வாடகை வீட்டின் மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருப்பது போல, பூட்டைத் திறக்கும் வழி சேவை நிறுவனத்திடமும் இருக்கிறது. வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நிறுவனத்தின் கொள்கை நாளை மாறினாலோ, நீதிமன்ற ஆணை வந்தாலோ, உள்ளே ஊடுருவல் நடந்தாலோ அந்தச் சாவி பயன்படக்கூடும். இது வெறும் கற்பனை அச்சமன்று: 2013இல் யாகூவில் நிகழ்ந்த ஊடுருவலில் அந்த நிறுவனத்தின் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்பதை 2017இல்தான் உலகம் முழுமையாக அறிந்தது.

புரோட்டான் மெயில், டூட்டா போன்ற சேவைகளில், கடிதத்தைத் திறக்கும் சாவி உங்கள் கடவுச்சொல்லோடு பிணைந்திருக்கிறது. அந்தக் கடவுச்சொல் உங்கள் கருவியை விட்டு வெளியே போவதில்லை. நிறுவனத்தின் வழங்கிகளில், அதாவது கடிதங்களைச் சேமிக்கும் அவர்களது கணினிகளில், கிடப்பது அவர்களாலேயே வாசிக்க முடியாத குறியீட்டுக் குவியல். இதை மறைகுறியாக்கம் என்கிறோம். வாட்ஸ்அப் உரையாடல்களில் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் நுட்பத்துக்கு இது நெருங்கிய உறவு.

எதைச் செய்யாது

மாற்றுச் சேவைகளைப் பரிந்துரைப்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் சற்று நிற்கவே விரும்புகிறேன்; ஏனெனில் தவறான நம்பிக்கையோடு மாறுபவர், மாறாதவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்.

நீங்கள் புரோட்டானில் இருந்து, உங்கள் அக்கா ஸ்காபரோவில் ஜிமெயிலில் இருந்தால், நீங்கள் எழுதும் கடிதத்தின் ஒரு பிரதி கூகுளின் வழங்கியில் வழக்கம்போலவே தங்கும். இருவரும் புரோட்டானில் இருந்தால் மட்டுமே கடிதம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தானாகவே மறைகுறியாக்கப்பட்டுப் போகும், டூட்டாவிலும் அப்படியே. மேலும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்ற விவரத்தை எந்தச் சேவையாலும் முழுமையாக மறைக்க முடியாது, ஏனெனில் அது இல்லாமல் கடிதத்தைக் கொண்டு சேர்க்கவே இயலாது. புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரி முனைக்கு முனை மறைகுறியாக்கத்துக்குள் அடங்குவதில்லை. டூட்டா அதையும் மறைக்கிறது. எனவே எந்தச் சேவையாக இருந்தாலும், அடையாள அட்டை இலக்கத்தையோ நோயின் பெயரையோ தலைப்பு வரியில் எழுதாதிருப்பது நல்ல பழக்கம்.

சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்றும் இவற்றை எண்ணக்கூடாது. 2021இல் சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் ஆணைக்கு உட்பட்டு, பிரான்சைச் சேர்ந்த காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியைப் புரோட்டான் பதிவு செய்து கொடுக்க நேர்ந்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் எந்த இணைய இணைப்பிலிருந்து ஒருவர் உள்நுழைந்தார் என்பது வேறு விடயம். டூட்டா நிறுவனமும் ஜெர்மனியில் இவ்வாறான நீதிமன்ற ஆணைகளைச் சந்தித்திருக்கிறது. நம்மில் பெரும்பாலானோருக்கு இது அன்றாடக் கவலை அல்ல. ஊடகப் பணியிலோ, காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்திலோ, காணிப் பிணக்குகளிலோ ஈடுபடுபவர்கள் மட்டும், மின்னஞ்சலை மாற்றுவது தங்கள் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

எந்தச் சேவை

புரோட்டான் மெயில், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்னில் சந்தித்துக்கொண்ட அறிவியலாளர்களால் உருவாக்கப்பட்டு 2014இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது. 2024 முதல் இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று அதன் முதன்மைப் பங்குதாரராக இருக்கிறது. இலவசக் கணக்கில் 1 ஜிகாபைட் வரை அஞ்சலுக்கு இடமும், நாளொன்றுக்கு 150 கடிதங்கள் அனுப்பும் வசதியும் உண்டு. டூட்டா, முன்பு டூட்டனோட்டா என்று அழைக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 2011இல் தொடங்கியது. அதன் இலவசக் கணக்கிலும் 1 ஜிகாபைட் இடம் உண்டு. இவை தவிர, பெர்லினில் இயங்கும் போஸ்டியோ மாதம் 1 யூரோவிலிருந்து தொடங்கும் கட்டணச் சேவை. எளிமையானது, நேர்மையானது, ஆனால் இலவசக் கணக்கு கிடையாது.

தொடங்குபவர் ஒருவருக்கு என் பரிந்துரை புரோட்டான். காரணம் கொள்கை அல்ல, வசதி: பழைய ஜிமெயிலில் உள்ள கடிதங்களை இலவசக் கணக்குக்குள்ளேயே கொண்டுவரும் கருவி அதில் இருக்கிறது, டூட்டாவின் இலவசக் கணக்கில் அது இல்லை. கூகுள் சேவைகளே இல்லாத கைத்தொலைபேசியைப் பயன்படுத்துபவருக்கும், தலைப்பு வரியும் மறைந்திருக்க வேண்டும் என்பவருக்கும் டூட்டா பொருத்தமானது. விடுதியோ கடையோ நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது, டூட்டாவின் இலவசக் கணக்கு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்பதாகும்.

படி ஒன்று: பழைய பெட்டியைச் சீர்செய்தல்

புதியதைத் திறப்பதற்கு முன் பழையதைப் பூட்ட வேண்டும். நம் ஊரில் இந்தப் படிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக விண்ணப்பம் போடும்போதோ, கடவுச்சீட்டுக்குப் படிவம் நிரப்பும்போதோ, பேருந்து நிலையத்தை அண்டிய கொமியூனிகேஷன் ஒன்றில், படிவம் நிரப்பிக் கொடுக்கும் தம்பியே ‘மின்னஞ்சல் இல்லையா அக்கா, ஒன்று திறந்து தாறன்’ என்று கணக்கை உருவாக்கித் தருவது நெடுங்கால வழக்கம். பெயரோடு 123 சேர்த்த கடவுச்சொல், மீட்பு இலக்கமாகக் கடையின் தொலைபேசி, கடைக் கணினியின் உலாவியில் சேமிக்கப்பட்ட உள்நுழைவு ஆகிய மூன்றும் அந்தக் கணக்கோடு கூடவே வந்துவிடும். உதவி செய்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் அந்தக் கணினியின் முன் அதன் பிறகு எத்தனையோ பேர் அமர்ந்திருப்பார்கள்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். உங்களுடையதல்லாத கணினியையும், எப்போதோ விற்றுவிட்ட கைத்தொலைபேசியையும் அங்கிருந்து வெளியேற்றுங்கள். மீட்புத் தொலைபேசி இலக்கம் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யாமல் விட்ட முற்கொடுப்பனவு இலக்கம் செயலிழந்து, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பதால், பழைய சிம்மின் இலக்கம் மீட்பு இலக்கமாகக் கிடப்பது ஆபத்தானது. பின்பு கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்றாக அது இருக்கட்டும்.

இதோடு நிறுத்திக்கொண்டு, புதிய சேவைக்கு மாறாமலே இருந்தாலும் உங்கள் நிலை நேற்றையதைவிடப் பன்மடங்கு மேம்பட்டிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி இரண்டு: முகவரியும் தாளும்

புரோட்டானின் தளத்தைச் சொந்தக் கருவியில், சொந்த இணைய இணைப்பில் திறந்து இலவசக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். கொமியூனிகேஷன் கணினியில் இதைச் செய்ய வேண்டாம். முகவரியில் பிறந்த ஆண்டையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தவிருங்கள். வங்கி முகாமையாளரிடம் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய பெயராக இருக்கட்டும். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க ஒரு படப் புதிரோ, சரிபார்ப்புக் குறியீடோ கேட்கப்படலாம்.

கடவுச்சொல்லைத் தேர்வதில் ஒரு வழி: ஒன்றோடொன்று தொடர்பற்ற ஐந்தாறு சொற்களை வரிசையாக எழுதுவது. நீங்கள் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதலாம். ஆனால் கோணேசர், பத்திரகாளி, கன்னியா என்று ஊரில் எவரும் ஊகிக்கக்கூடியவை வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களும் வேண்டாம். பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் காப்பான் செயலியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அதனிடமே ஒன்றை உருவாக்கித் தரும்படி விடலாம்.

இப்போது இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதன் மறுபக்கம், அதைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் உதவ முடியாது என்பதுதான். புரோட்டானில் மீட்பு முகவரி கொடுத்திருந்தால் கணக்குக்குள் மீண்டும் நுழைந்துவிடலாம். ஆனால் கடவுச்சொல்லை அப்படி மாற்றியபின், பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடக்கும். அவற்றைத் திறக்க வேண்டுமானால், அமைப்புகளில் மீட்பு என்ற பகுதியில் உருவாக்கிக்கொள்ளக்கூடிய 12 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடர் போன்ற ஏதேனும் ஒன்று முன்கூட்டியே உங்கள் கைவசம் இருக்க வேண்டும். டூட்டாவில் கணக்குத் திறக்கும்போது நீளமான மீட்புக் குறியீடு ஒன்று காட்டப்படும். தொலைபேசி வழியாகவோ வேறு மின்னஞ்சல் வழியாகவோ மீட்கும் வசதி அங்கு இல்லை.

அந்தச் சொற்களைத் தாளில், பேனாவால், தெளிவான பெரிய எழுத்தில் எழுதுங்கள். திரையைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் வைத்தால் அது கூகுள் போட்டோஸில் ஏறிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும் நல்லதல்ல. இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் காணி உறுதியும் நகைப் பற்றுச்சீட்டும் இருக்கும் அதே அலுமாரியிலும், மற்றதை வேறொரு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் ஒட்டிய உறையிலும் வையுங்கள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது வீட்டிலிருந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம் என்பதால், இரண்டாவது பிரதி ஏன் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எழுதி முடித்த பின், தாளைப் பார்த்துச் சொற்களைத் திரையோடு ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பன்னிரண்டில் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மீட்பு வேலை செய்யாது.

படி மூன்று: இரண்டாவது பூட்டு

அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு எண்ணையும் கேட்கும் வசதியை, இயக்குங்கள். கைத்தொலைபேசியில் ஏஜிஸ் போன்ற செயலி ஒன்றை நிறுவி, திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால், 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணை அது தரத் தொடங்கும். இதற்கு சிக்னலோ டேட்டாவோ வேண்டியதில்லை. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட இது மேலானது, ஏனெனில் சிம் கை மாறினாலும் இந்த எண் கை மாறாது. இயக்கும்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி கடலில் விழுந்தால் அவைதான் வழி.

படி நான்கு: பழைய கடிதங்களைக் கொண்டுவருதல்

புரோட்டானின் அமைப்புகளில் ஈஸி சுவிட்ச் என்ற இறக்குமதிக் கருவி இருக்கிறது. அதில் கூகுளைத் தேர்ந்து, உங்கள் பழைய கணக்குக்கு அனுமதி கொடுத்தால், கடிதங்களும் தொடர்பு விவரங்களும் பின்னணியில் நகரத் தொடங்கும். ஜிமெயிலில் 15 ஜிகாபைட் வரை சேர்த்து வைத்தவருக்கு 1 ஜிகாபைட் பெட்டி போதாது. எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். கடந்த ஓராண்டின் கடிதங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி அந்தக் கருவியிலேயே உண்டு. மீதியை கூகுள் டேக்அவுட் மூலம் ஒரே கோப்பாகத் தரவிறக்கி, வன்தட்டில் போட்டு வைக்கலாம். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளின் உதவியோடு பின்னர் அதைத் திறந்து வாசிக்க முடியும். பெரிய தரவிறக்கத்தைக் கைத்தொலைபேசி டேட்டாவில் செய்யாமல், ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் ஓர் இரவு விட்டு எடுப்பது பணத்துக்கும் பொறுமைக்கும் நல்லது.

பிரதி எடுத்து வைப்பதை மிகையான எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியபோது, அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மாற்றுப் பிரதி இல்லாததால், ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் தங்கள் தரவை இழந்தன. மறைகுறியாக்கம் வேறு, காப்புப் பிரதி வேறு.

பிரதி கைக்கு வந்ததை உறுதி செய்த பின், பழைய பெட்டியின் ‘அனுப்பியவை’ பகுதியிலிருந்து அடையாள ஆவணங்கள் உள்ள கடிதங்களை நீக்குங்கள். நீக்கியவை குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் தங்கும். அங்கிருந்தும் கையோடு அகற்றுங்கள். பெற்றவரிடம் உள்ள பிரதி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது உண்மைதான். உங்கள் பக்கத்துக் கசிவையாவது அடைக்கலாம்.

படி ஐந்து: முகவரி மாற்றத்தை அறிவித்தல்

ஜிமெயிலைக் கணினி உலாவியில் திறந்து, அமைப்புகளில் முன்னனுப்புதல் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் இது கிடைக்காது. புதிய முகவரியைச் சேர்த்து, அங்கு வரும் உறுதிப்படுத்தும் இணைப்பைத் தட்டியதும், பழைய முகவரிக்கு வருபவை எல்லாம் புதிய பெட்டிக்கும் வந்து சேரும். எரிதமாக (ஸ்பாம்) கருதப்பட்டவை மட்டும் முன்னனுப்பப்பட மாட்டா. எனவே அவ்வப்போது பழைய எரிதப் பகுதியை எட்டிப் பாருங்கள்.

இந்த இடைக்காலம் நீளமாகவே இருக்கட்டும். முன்னனுப்பி வரும் ஒவ்வொரு கடிதமும், இன்னும் மாற்ற வேண்டிய இடம் ஒன்றை நினைவூட்டும். வங்கி முதலில். நேரில் கிளைக்குச் சென்று படிவம் நிரப்ப நேர்ந்தால் முகவரியை வாயால் சொல்லாதீர்கள். அலுவலரின் விரல்கள் பழக்கத்தில் ஜிமெயில் என்றே தட்டிவிடும். பெரிய எழுத்தில் எழுதிய துண்டுத் தாளைக் கொடுத்து, திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து முகநூலும் வாட்ஸ்அப்பின் மீட்பு முகவரியும். பிறகு கல்வி நிறுவனங்கள். கடைசியில் இணையக் கடைகள். திருகோணமலை வளாகத்தில் படிப்பவர்கள், பல்கலைக்கழகம் தந்த முகவரியைத் தனிப்பட்ட விடயங்களுக்கு மீட்பு முகவரியாகக் கொடுக்காதிருப்பது நல்லது. படிப்பு முடிந்ததும் அது உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு விலக்கு உண்டு. விசா விண்ணப்பமோ, புலமைப்பரிசில் விண்ணப்பமோ நடுவில் இருந்தால், அது முடியும் வரை அங்கே முகவரியை மாற்ற வேண்டாம். தூதரகத்தின் ஒரு கடிதம் வழிமாறிப் போவதைவிட, பழைய பெட்டியில் சில மாதங்கள் கூடுதலாக இருப்பது மேல்.

ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிக்கு பிளே ஸ்டோர் தேவைப்படும் வரை கூகுள் கணக்கும் தேவைப்படும். அதை மூட வேண்டியதில்லை. கடிதப் போக்குவரத்தை மட்டும் அதிலிருந்து பிரித்துவிட்டால் போதும். தூய்மைவாதிகள் இதை ஏற்க மாட்டார்கள். நடைமுறையில் வாழ்பவர்களுக்கு இதுவே முடிகிற காரியம்.

ஆவணங்களை அனுப்பும் முறை

இனிமேல் அண்ணனுக்குக் கடவுச்சீட்டுப் பிரதி அனுப்ப வேண்டும், அவரோ ஜிமெயிலில் இருக்கிறார் என்றால், புரோட்டானில் கடிதம் எழுதும் பெட்டியின் கீழேயுள்ள பூட்டுக் குறியைத் தட்டி அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரு கடவுச்சொல் வையுங்கள். அவருக்குப் போவது ஓர் இணைப்பு மட்டுமே. அதைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் ஆவணம் தெரியும். இயல்பாக 28 நாட்களில் அது காலாவதியாகும். நீங்கள் இன்னும் குறுகிய காலத்தையும் வைக்கலாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். அண்ணனையே புரோட்டானுக்கு அழைத்து வந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

விருந்தினர் விடுதிக்காரர்களுக்கு ஒரு சொல். தங்குபவரின் கடவுச்சீட்டை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வதைக் கூடியவரை தவிர்த்து, வந்து இறங்கியதும் நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறருடைய தரவைச் சேகரிப்பவர் அதற்குப் பொறுப்பாளர் என்ற கோட்பாட்டில் அமைந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நம் நாட்டிலும் நிறைவேறியிருக்கிறது. தொழில் சற்று வளர்ந்தவர்கள் விடுதியின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்கி, அதைக் கட்டணக் கணக்கோடு இணைப்பதே சிறந்தது. நாளை புரோட்டான் பிடிக்காமல் வேறொன்றுக்குப் போக நினைத்தால், சொந்த டொமைனை ஏற்கும் சேவையாகப் பார்த்துத் தேர்ந்தால் போதும். விளம்பரப் பலகையிலும் அறிமுக அட்டையிலும் அச்சிட்ட முகவரி மாறாது. வெளிநாட்டுக் கட்டணத்துக்கு உங்கள் வங்கி அட்டையில் இணையக் கொடுப்பனவு இயக்கப்பட்டிருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

இலவசக் கணக்குகளுக்கு உள்நுழைவுக் காலக்கெடு உண்டு. டூட்டாவில் 6 மாதங்களும் புரோட்டானில் 12 மாதங்களும் உள்நுழையாமல் விட்டால் கணக்கு நீக்கப்படலாம். நீங்கள் கைவிட்டு வந்த கூகுள் கணக்குக்கே அது 2 ஆண்டுகள். பெற்றோருக்காகத் திறந்து கொடுத்த கணக்குகள் இவ்வாறுதான் பெரும்பாலும் அழிகின்றன. அவர்களது கைத்தொலைபேசியில் செயலியை நிறுவி, விரல்ரேகைப் பூட்டு வைத்து, அறிவிப்பு ஒலி வரும்படி அமைத்துவிடுங்கள். மின்கட்டணப் பட்டியலோ வங்கிக் கூற்றோ மாதந்தோறும் அந்த முகவரிக்கு வரும்படி செய்தால் அவர்களே திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைத்தொலைபேசியை மாற்றும்போது, பழையதை விற்பதற்கு முன் இருபடிச் சரிபார்ப்புச் செயலியின் தரவைப் புதியதற்கு நகர்த்தி, புதிய கருவியிலிருந்து ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதைத் துடைத்து அழியுங்கள்.